இருபத்தெட்டாவது வளைவு

குளிராட்டி மலைக்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் என்பது எங்கள் சாவடிப்புதூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அப்பன் பெயரைப் போலத் தெரிந்த விஷயம். அதில் நாலாவது வாந்தி வளைவு, ஒன்பதாவது குரங்கு வளைவு, பதினான்காவது கார்கள் கொதித்து நின்று தண்ணீர் கேட்கிற வளைவு, இருபத்தேழாவதில் தேசியப் பூங்காவின் காட்சிமுனை, அதற்கு மேல் ரோடும் இல்லை, மலையும் இல்லை, வானம்தான். சித்திரை பிறந்துவிட்டால் கீழ்நாட்டு வெயில் தாங்காத திருப்பூர்க் கார்களும் ஈரோட்டுக் கார்களும் கரூர்க் கார்களும் எங்கள் செக்போஸ்டில் வால் நீட்டி நிற்கும். வனக்காவலர் நஞ்சப்பன் ஒவ்வொரு காரிலும் தலையை விட்டு, பிளாஸ்டிக் பாட்டில்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஆறு மணிக்குள் காட்சிமுனையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். ஏறின கார் எல்லாம் இறங்கும். அந்தக் கோடை வரைக்கும் இறங்கியது.

துளசிமணி என்பவர் பல்லடத்துப் பக்கம் விசைத்தறி வைத்திருந்த சென்னியப்பனின் சம்சாரம். கல்யாணமான வருஷத்திலிருந்து கோடைக்குக் கோடை குளிராட்டிக்கு வந்தவர், ஆனால் மலையைப் பார்த்தவர் இல்லை. பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து ஒரு தொடையில் புளிசாதத் தூக்கும் மறுதொடையில் தலைசுற்றிய பிள்ளையுமாக ஏறுவார், மேலே வாடகை வீட்டில் இறங்கியதும் அடுப்பு எங்கே என்று தேடுவார், மற்றவர்கள் காட்சிமுனைக்குப் போய்ப் பசியோடு திரும்பி வருகிற வரைக்கும் குக்கர் விசிலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த வருஷம் ஒரே மகள் மோகனப்பிரியா ஈரோட்டில் வாக்கப்பட்ட வீட்டில் மாசமாக இருந்ததால் யாரும் மலைக்குக் கிளம்பவில்லை. அந்த மகள்தான் கல்யாணத்துக்கு முன்னால் தறிக்கொட்டகை வாசலில் முன்னும் பின்னுமாக உருட்டி அம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு நாள் காலையில் துளசிமணி சாவியை எடுத்துக்கொண்டு, தறிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த புருஷனிடம் போய், நான் மலைக்குப் போறேனுங்க என்றார்.

வாய் தவறித்தான் சொன்னார். தெருமுனைக்கு உப்பு வாங்கப் போகிறவர்கூட நம்மிடத்தில் போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்வார். வெறுமனே போறேன் என்பது பாடையில் போகிறவர் சொல்ல வேண்டியது, அவராலும் சொல்ல முடியாது. சென்னியப்பன் அவர் கார் எடுத்துப்போவதைத் தடுக்கவில்லை, ஒரு நாளில் திரும்பிவிடுவார் என்று விட்டுவிட்டார், வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார். போயிட்டு வர்றேன்னு சொல்லு என்றார். தறிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் சென்னியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பதுபோல, எங்கே சொல்லு பார்க்கலாம் என்று சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள்.

"போறேன்" என்றார் துளசிமணி, இந்தத் தடவை வாய் தவறாமல்.

இதெல்லாம் பின்னால் அவரே எங்கள் ஊர் ஜமீலாவின் டீக்கடையில் சொன்னது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பழைய வெள்ளைக் கார் தனியாக ஒரு பெண்பிள்ளையோடு செக்போஸ்டைத் தாண்டி ஏறியது, வாந்தி வளைவில் நிற்கவில்லை, குரங்கு வளைவில் கண்ணாடியை ஏற்றவில்லை, காட்சிமுனையில் சாயங்காலம் வரை நின்றது, நேரமாகிவிட்டது என்று விசில் ஊதியதும் மற்றக் கார்களோடு சேர்ந்து திரும்பி, எல்லாக் காரும் இறங்கிய அதே ரோட்டில் ஏறிவிட்டது என்பதுதான். கூட வந்த கார்கள் எல்லாம் சாவடிப்புதூர் வந்து சேர்ந்தன. இவருடைய காருக்கு மட்டும் ரோடு மேலே போனது. வலப்பக்கம் ஒடித்தார், இன்னும் மேலே போனது. வானம் இருந்த இடத்தில் ஒரு வளைவு இருந்தது, தார் போட்டு, ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்து, தடுப்புச் சுவர் வைத்து. போறேன் என்று சொன்னவரை ரோடு போகவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் ஜீப்பில் தேடிப்போன நஞ்சப்பன் இருபத்தெட்டாவது வளைவைக் கண்டு இறங்கி, தாரைக் காலால் தட்டிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. பூங்காவில் அனுமதியில்லாமல் வளைவு வைக்கக் கூடாது என்பது விதி, ஆனால் யாருக்கு நோட்டீஸ் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. துளசிமணி தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வணக்கமுங்க, இத்தனை வருஷமா இங்கே என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சுங்க என்று மட்டும் சொன்னாராம். நஞ்சப்பன் அவர் வண்டியை வாங்கித் தானே ஓட்டிப் பார்த்தார். அவர் தனியாக ஓட்டினால் இறங்கியது, அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் ஏறியது. கடைசியில் துளசிமணியை ஜீப்பில் உட்காரவைத்துக் கூட்டிவரப் பார்த்தார், ஜீப்பும் ஏறியது, இருபத்தொன்பதாவது வளைவு கிடைத்தது.

ஊர் கூடிப் பேசியது. எங்கள் ஊருக்கு எதையும் ஒரு வாரத்துக்கு மேல் அதிசயமாக வைத்துக்கொள்ளத் தெரியாது, அதற்குள் அதை வைத்துக் கடை போட்டுவிடுவோம். ஜீப் ஓட்டுகிறவர்கள் "புது வளைவு பார்க்கலாம்" என்று பலகை எழுதினார்கள், கடலைக்காரர்கள் ஏறினார்கள், ஸ்வெட்டர் விற்கிறவர்கள் முப்பதாவது வளைவில் குளிர் அதிகம் என்பதைக் கண்டுபிடித்துக் குடை விரித்தார்கள், ஜமீலா அடுப்பையும் பாய்லரையும் ஜீப்பில் கட்டிக்கொண்டு போய்த் துளசிமணியின் காருக்குப் பத்தடி தள்ளி இறக்கினார். ரோடு காண்டிராக்டர் ஒருவர் வந்து டெண்டர் விடாமல் யார் இதைப் போட்டது என்று சத்தம் போட்டார். குழியே இல்லாத ரோட்டைப் பார்த்ததும் அவருக்கு மனசு உடைந்துவிட்டது, இறங்கிப் போனார். வனத்துறை வளைவுகளுக்கு எண் போட்ட மஞ்சள் பலகைகளை நட்டது. எத்தனை பலகை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததுதான் அவர்களுக்குச் சங்கடம்.

துளசிமணி அவசரப்படவில்லை. வாரத்துக்கு இரண்டு வளைவு, மனசு வந்தால் மூன்று. காரை ஓரம்கட்டி இறங்கி நின்று பார்ப்பார், சோலையைப் பார்ப்பார், பாறை மேல் நிற்கிற வரையாட்டைப் பார்ப்பார், வரையாடு இவரைப் பார்க்கும். பெட்ரோல் யார் கொண்டுவருவார்கள் என்று கேட்கிறீர்களா? மலை ஏறிவந்த கார்களில் முன்சீட்டில் ஆண்களும் பின்சீட்டில் பெண்களும் இருந்தார்கள் அல்லவா, அந்தப் பின்சீட்டுக்காரிகள் கேன் கேனாகக் கொண்டுவந்தார்கள், புருஷன்மார் எதற்கு என்று கேட்டால் வேண்டுதல் என்றார்கள். வந்தவர்கள் துளசிமணியிடம் அதிகம் பேசுவதில்லை. பக்கத்தில் போய்ச் சுவரில் உட்கார்ந்து, அவர் பார்க்கிற திசையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மலை வளர வளரக் கீழ்நாட்டிலும் விஷயம் நடந்தது. இத்தனை காலம் குளிராட்டியின் தலைக்கு மேலே சும்மா போய்க்கொண்டிருந்த மேகங்கள் இப்போது இடித்துக்கொண்டு நின்றன, கத்திரி வெயிலில் பல்லடத்தில் மழை பெய்தது. தறிக்காரர்கள் வேர்வை இல்லாமல் நெய்தார்கள். உங்க ஊட்டு அம்மிணி புண்ணியத்துல குளுகுளுன்னு இருக்குதுங்க என்று கடைவீதியில் பார்க்கிறவர்கள் எல்லாம் சென்னியப்பனிடம் சொன்னார்கள். அதில் எத்தனை பங்கு நன்றி, எத்தனை பங்கு நக்கல் என்று அவருக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. அவர் வெயில் வேண்டும் என்று சாமி கும்பிட்டார்.

இறங்குவதற்கு வழி என்ன என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. ஒரே ஒரு தடவை வர்றேன் என்று வாயால் சொன்னால் போதும். ஒரு நாள் ஜமீலா டீ ஆற்றிவிட்டு அக்கா என்று கூப்பிட்டபோது துளசிமணி ஏதோ ஞாபகத்தில், இதா வர்றே என்று தொடங்கிவிட்டார். காலுக்குக் கீழே ரோடு தொட்டில் மாதிரி சரிந்தது, பிரேக் போட்டிருந்த கார் பின்னால் உருண்டது, துளசிமணி மிச்ச எழுத்தை விழுங்கினதும்தான் நின்றது. அதற்குப் பிறகு ஜமீலா கூப்பிட்டால் அவர் பதிலே சொல்லாமல் நடந்து வந்துவிடுவார். வார்த்தை தெரிந்ததும் ஆள் மாற்றி ஆள் மலை ஏறினார்கள். ரேஞ்சர் வந்து கேட்டார், ஜோசியர் வந்து கேட்டார், பங்காளிகள் வந்து கேட்டார்கள், ஒரு வார்த்தைதானுங்களே அம்மிணி என்றார்கள். ஒரு வார்த்தைதானுங்க, போறேன்னு நானும் ஒரு வார்த்தைதான் சொல்லிட்டு வந்திருக்கறேன் என்றார் துளசிமணி. அவருக்கு இறங்க ஆசை இல்லை என்று நினைக்க வேண்டாம், மகளை நினைத்தால் அவருக்குக் கண் கலங்கும், ஜமீலா பார்த்திருக்கிறார். ஆனால் அந்த வார்த்தையை ஒரு தடவை சொன்னால் மறுபடியும் ஆயுள் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்தார். அது பொய்யில்லை.

வைகாசி முடிகிற நேரத்தில் சிக்கல் இறுகியது. ஆனியில் மழை இறங்கினால் பூங்காவின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், மழைக்காலம் முடிகிற வரைக்கும் யாரும் ஏற முடியாது. கேட்டுக்கு மேலே இருக்கிறவர் மேலேதான். மோகனப்பிரியாவுக்கோ மாசம் நெருங்கிவிட்டது, வளைகாப்பு முடித்து அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். தாய் இல்லாத வீட்டைத் தாய்வீடு என்று எப்படிச் சொல்வது? சென்னியப்பன் பல்லடத்தில் மண்டபம் பிடித்துப் பத்திரிகை அடித்தார், மகள் வளைகாப்புக்கு எந்தத் தாயும் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. மகள் பத்திரிகையைப் பார்த்தாள். மண்டபம் வேண்டாம், வளைகாப்பு வளைவிலேயே நடக்கட்டும், அம்மா அங்கேதானே இருக்கிறாள் என்றாள்.

சென்னியப்பன் முதலில் குதித்தார், அப்புறம் யோசித்தார், அப்புறம் சிரித்தபடி சரி என்றார். அவர் ஏன் சிரித்தார் என்பதை, அனுமதி கேட்க வந்தபோது நஞ்சப்பனிடம் மட்டும் சொன்னார், நஞ்சப்பன் எங்களிடம் சொன்னார். முப்பது வருஷமாகச் சென்னியப்பன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து துளசீ என்று ஒரு குரல் கொடுப்பார், அடுப்படியிலிருந்து இதா வர்றேனுங்க என்று பதில் வரும். காய்ச்சலில் கிடந்தபோதும் வந்திருக்கிறது, தூக்கத்தில்கூட வந்திருக்கிறது. கெஞ்ச வேண்டாம், மிரட்ட வேண்டாம், பந்தியில் உட்கார்ந்து கூப்பிட்டால் போதும் என்றார் அவர். எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. ஜமீலாவைத் துளசிமணியிடம் சொல்லச் சொன்னோம், ஜமீலா சொன்னார். எனக்கும் அந்தப் பயம்தான் ஜமீலா, வாய் என் பேச்சைக் கேட்குமான்னு தெரியலை என்றாராம் துளசிமணி.

நாற்பத்தொன்றாவது வளைவில் வளைகாப்பு நடந்தது. மேகம் முழங்கால் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. கார் கார்களாகப் பெண்கள் வந்தார்கள், மோகனப்பிரியாவை நாற்காலியில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள், துளசிமணி முதல் வளையலைப் போட்டார், இரண்டு கையும் முழங்கை வரை நிறைந்தது. தக்காளிச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று அண்டாக்கள் வரிசையாக இருந்தன. ரோட்டின் வெள்ளைக் கோட்டை ஒட்டிப் பாய் விரித்து இலை போட்டார்கள், வழக்கப்படி ஆண்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள், சென்னியப்பன் தலை இலையில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நாங்கள் சோற்றைத் தொடவில்லை.

"துளசீ" என்றார் அவர். "தண்ணி."

அதட்டல் இல்லை, கோபம் இல்லை, அன்றாடம் வீட்டில் கூப்பிடுகிற குரல்தான், அதனால்தான் அது பயங்கரமாக இருந்தது. மகளின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த துளசிமணியின் கை தானாகக் கீழே இறங்கியது, முந்தானையை இடுப்பில் செருகியது, கால் ஓரடி எடுத்து வைத்தது, வாய் திறந்தது. "இதா" என்றது. நாற்பத்தொன்றாவது வளைவு சரிந்தது. சாம்பார் வாளி பந்தியின் குறுக்கே வழுக்கிப் போனது, இலைகள் நகர்ந்தன, நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் பிரேக்கில் முனகின, ஜமீலா பாய்லரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷமும் துளசிமணியின் வாயில் வந்து நின்றதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

"இதா," என்றார் அவர் மறுபடியும், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "குடம் அங்கேதானுங்க இருக்குது. எந்திரிச்சு மோந்து குடிங்க."

ரோடு நேரானது. கடைசிப் பாய் ஓரம் நின்றிருந்த ஒரு தறிக்காரப் பெண் களுக்கென்று சிரித்தாள், அது வரிசை வரிசையாகப் பரவி மலை முழுக்கக் கேட்டது. சென்னியப்பன் எழுந்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர், அதையும் சொல்லிவிட வேண்டும். குடம் வரைக்கும் நடந்து போனார், டம்ளர் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் முடியவில்லை, குனிந்து கையாலேயே அள்ளிக் குடித்தார். பிறகு ஈரக்கையோடு துளசிமணியின் முன்னால் வந்து நின்றார். இந்தத் தடவை தந்திரம் எதுவும் இல்லை.

"மழை வந்தா கேட்டைப் பூட்டிருவாங்க துளசி" என்றார். "புள்ளைய யாரு கூட்டிட்டுப் போறது?"

துளசிமணி மகளின் வயிற்றைப் பார்த்தார். கண்ணீர் தாரையாக வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வளைவு ஏறியது எல்லாம் இதோடு முடிந்தது, சொல்லிவிடப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம்; சொன்னால் குற்றம் சொல்லவும் எங்களுக்கு வாய் இல்லை, பெற்ற மனசு அப்படித்தான். அவருடைய உதடு பிரிந்தது. ரோடு நடுங்கத் தொடங்கியது.

மோகனப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். வளையல்கள் எல்லாம் ஒன்றாக இறங்கிச் சத்தம் போட்டன. அவள் வந்து அம்மாவின் வாயைத் தன் கையால் பொத்தினாள்.

"சொல்லாதம்மா" என்றாள். "நீ போ."

பெற்ற தாயைப் பார்த்துப் போ என்று சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. பந்தியில் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். அவள் அப்பாவின் பக்கம் திரும்பி, அம்மா இருக்கற எடந்தானுங்கப்பா தாய்வீடு, அதுக்கு ரோடு இல்லையா என்ன என்றாள். பிறகு அம்மாவின் வாயிலிருந்து கையை எடுத்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், நாற்பத்தொரு வளைவுகளுக்கும் கேட்கிற மாதிரி, ரோட்டைப் பார்த்தே சொன்னாள்.

"நீ போம்மா. பெத்து எடுத்துட்டு, கொழந்தையத் தூக்கிட்டு, நான் வர்றேன்."

அந்த வார்த்தை விழுந்ததும் ரோடு நடுக்கத்தை நிறுத்தியது. அது யாரிடமிருந்து வரும் என்று நாங்கள் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தோமோ அவரிடமிருந்து வரவில்லை, ஆனால் வந்துவிட்டது, வந்த வார்த்தையை ரோடு கேட்டுக்கொண்டது. துளசிமணி மகளின் நெற்றியில் முகம் வைத்து அழுத்தினார். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்தினார், நாற்பத்திரண்டாவது வளைவு அவருக்கு முன்னால் திறந்தது, பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று, போ, போ, போ என்று சொன்னார்கள். நஞ்சப்பன் ஒரு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டபோது விதிப்படி அவர் கேட்டைச் சாத்தினார், சங்கிலியைச் சுற்றினார், பூட்டை மட்டும் போடவில்லை.